சரக்குக்குச் சொந்தக்காரி

நீலாவதி,
நேத்து கேசு முடிஞ்சுது.
நாலு குறுவை, நாலு சம்பா
மன்னார்குடி கோர்ட்டு வாசல்ல நின்னே போயிருச்சு.

வக்கீல் முதல் நாளே சொன்னாரு:
சரக்கு வண்டியில ஆள் ஏறுனா
இன்சூரன்ஸ் கிடையாதும்மா.
சரக்குக்குச் சொந்தக்காரி கூட ஏறுனா உண்டு.
நாத்து உன்னுதுன்னு சொல்லு.

அன்னிக்கு வண்டியில நாம பதினோரு பேரு,
நூத்திநாப்பது முடி ஆடுதுறை நாப்பத்திமூணு.
கோரையாத்துக் கரை வளைவுல
எதுக்க வந்த நெல்லு லாரிக்கு
சுரேந்தரு ஒடிச்சான்.
நான் விழுந்த பக்கம் நாத்து.
நீ விழுந்த பக்கம் மைல்கல்லு.

மறுநாள் வேற ஆளுங்க வந்து
செதறுன முடியெல்லாம் பொறுக்கிட்டுப் போயி
நட்டுட்டாங்களாம். வாடிடும்ல.
நம்ம மனு எழுதறதுக்குள்ள
அந்த வயலு அறுப்பும் ஆயிருச்சு.

தஞ்சாவூரு பெரியாஸ்பத்திரியில
டாக்டரு பென்சிலை நீட்டிப் பிடின்னாரு.
அப்புறம் ஒத்த ரூவாக் காசை எடுன்னாரு.
மூணு விரலு மடங்கலை.
முப்பத்தஞ்சு சதவீதம்னு எழுதுனாரு.
மூணு நாத்தைப் பிரிச்சுச் சேத்துல சொருகச் சொல்லியிருந்தா
நூறுன்னு எழுதியிருப்பாரு.

உன் கணக்கு வேற.
சம்பளச் சீட்டு இல்ல, அதனால உத்தேச வருமானம்.
ஆதார்ல எவனோ உனக்கு நாலு வயசு கூட்டி வச்சிருந்தான்,
பதினாலால பெருக்க வேண்டியதைப்
பதிமூணால பெருக்குனாங்க.
அதுலயும் மூணுல ஒரு பங்கு கழிவு:
இறந்தவரின் சொந்தச் செலவு.
கோர்ட்டுன்னும் பாக்காம சிரிச்சுட்டேன்.
அரை வெத்தலையைக் கிள்ளிப் போட்டுட்டு
மீதியை முந்தியில முடியறவ நீ.

கம்பெனி வக்கீலு சின்னப் பையன்.
மரியாதையாத்தான் கேட்டான்.
உங்களுக்கு நிலம் எத்தனை மா?
இல்லைங்க.
நாத்தங்கால்?
இல்லைங்க.
அப்ப நாத்து உங்களுதுன்னு எப்படிச் சொல்றீங்க?

சொல்லிக் குடுத்ததெல்லாம் மறந்துபோச்சு நீலா.
பறிச்சது நான்.
வேருல சேறு அலசுனது நான்.
முடி கட்டுனது, தலைமேல தூக்கி வண்டியில ஏத்துனது நான்.
அது மேல விழுந்து பொழைச்சதும் நான்தாங்க.
காசு குடுத்து வாங்குனது?
அது நான் இல்லைங்க.

டைப் அடிக்கிற பொண்ணு
அத்தனையையும் ஒரே வரியாக்கிட்டா:
மேற்படி நாற்று எனக்குச் சொந்தமானதல்ல
என்று சொன்னால் சரிதான்.
படிச்சுக் காட்டிக் கையெழுத்துக் கேட்டாங்க.
பேனா நிக்கலை.
இடது கைப் பெருவிரலை மையில அமுக்குனேன்.

தீர்ப்பு என்னன்னா,
கம்பெனி முதல்ல குடுக்கணுமாம்,
அப்புறம் வண்டிக்காரர்கிட்ட வசூல் பண்ணிக்கணுமாம்.
வண்டிக்காரர்னா யாரு,
என் வீட்டுலேந்து நாலாம் வீடு பக்கிரிசாமி.
லோடு ஆட்டோ இன்னும் தவணையிலதான் ஓடுது.
ராத்திரி அவன் பொண்டாட்டி வந்து ஒக்காந்தா.
ஒண்ணும் கேக்கலை.
நானும் ஒண்ணும் சொல்லலை.
டீ போட்டுக் குடுத்தேன், பாதியைக் குடிச்சுட்டுப் போனா.

உன் மக பங்கு பேங்குல கிடக்கும்,
அதுக்குப் பதினெட்டு முடியற வரைக்கும்.
பாஸ்புக்குல உன் பேரை நீலவதின்னு அடிச்சிருக்கான்.
மாத்தச் சொல்லியிருக்கேன்.

இன்னிக்கு விடியக்காலை அஞ்சு மணிக்கு
தெருமுனையில ஆரன் அடிச்சுது.
மேட்டூர் தொறந்து மூணு வாரம் ஆச்சே.
நானும் போறேன். இடது கையால நடுறவளுக்கு
முக்கால் கூலி.
புதுசா வாக்கப்பட்டு வந்த பொண்ணு ஒருத்தி
டயருல கால் வச்சு ஏறுறா.
ஏறும்போதே மடியில ஒரு முடி எடுத்து வச்சுக்கடின்னேன்.
எதுக்குக்கா, சேல நனையுமேன்னா.

நனையட்டும்.
யாராச்சும் கேட்டா உன்னுதுன்னு சொல்லு.